ஓடுகாலி

என்னை முதலில் ஓட வைத்தது
டாக்டர் இல்லை, மகள் இல்லை,
ஒரு மேக்பை.
செப்டம்பர் மாதம், டூங்காபி ஓடைக்கரை.
தலைக்கு மேல் சிறகடிப்பு,
காதோரம் அலகு டக்கென்று மூடும் சத்தம்.
கூட்டுக்குக் காவல் நின்று துரத்துவது
ஆண் பறவைதானாம், பிறகு மகள் சொன்னாள்.
எனக்கு வியப்பில்லை.

நாற்பத்தேழு வயது உடம்பு,
கையில் கத்தரிக்காய்ப் பை,
அடுத்த வளைவு மட்டும் பறந்தது.
நின்று மூச்சு வாங்கும்போதுதான் கவனித்தேன்,
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதே நேரம் போனேன்.
பறவை வரவில்லை.
கொஞ்சம் பார்த்துவிட்டு
நானாகவே ஓடினேன்,
மூன்று விளக்குக் கம்பம்.

தவராணி, உனக்குத்தான் சொல்கிறேன்.
நீ காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கி
"என்னடி, ஆரும் துரத்துறாங்களோ?" என்று கேட்டாயே,
கேள்வி சரிதான்.
நாங்கள் ஓடினதெல்லாம் யாரோ துரத்தினபோது.
ஷெல்லுக்கு ஓடினோம்,
பங்கருக்குள் ஓடினோம்,
பிள்ளையை இடுப்பில் வைத்துப் படகுக்கு ஓடினோம்,
இங்கே வந்து
காலை ஆறு ஐந்து ரயிலுக்கு.
யாருமே துரத்தாமல் ஓடலாம் என்பதைக்
கால் நம்பக் கொஞ்ச நாள் எடுக்கும்.
அவசரப்படுத்தாதே அதை.

பிறகு கோயிலில், பிரசாத வரிசையில்,
முதுகுக்குப் பின்னால் ஒரு சொல்:
ஓடுகாலி.
பகிடிக்குத்தான் சொன்னார்களாம்.
வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன்.
ஓடுகிறது. கால்.
இதில் எந்தப் பாதி குற்றம்?
திரும்பச் சேர்த்து
சப்பாத்துப்போலப் போட்டுப் பார்த்தேன்.
அளவாக இருந்தது.

சப்பாத்து என்றதும் நினைவு வருகிறது,
அதற்கு மட்டும் கஞ்சத்தனம் பாராதே.
மற்றதெல்லாம் கேமார்ட்டில் போதும்.
தாலிக்கொடியைக் கழற்றிவை;
ஒன்பது பவுண், அடிக்கு ஒரு தரம் நெஞ்சில் குத்தும்.
நான் அரிசி வாளிக்குள் வைத்துவிட்டுப் போனேன்.
ஓடி வந்து பார்த்தால்
மனுசன் உயிரோடு இருந்து
தேத்தண்ணி கேட்டார்.

இன்னொன்று. மெல்லச் சொல்கிறேன்.
இரண்டு பிள்ளை பெற்ற அடிவயிறு,
முதல் கிழமைகளில் கசியும்.
கறுப்புக் காற்சட்டை போடு.
பிளாக்டவுனில் ஒரு பிசியோ இருக்கிறாள்,
நம்பர் தருகிறேன்.
அம்மாவும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியும் சொல்லவில்லை,
நான் சொல்கிறேன்.

மூச்சு முட்டினால் நட.
நடந்ததும் ஓடின கணக்கில்தான் சேரும்.
யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

உனக்குத் தெரியும் என் வேலை.
முதியோர் இல்லத்தில் நாள்முழுக்க
மற்றவர்களின் கால்களைத் தூக்கிக்
கட்டிலில் வைக்கிறேன்.
ஆறாம் அறை மிசிஸ் டொனலி
என் சப்பாத்துச் சேற்றைப் பார்த்து
எதுவரை என்று கேட்டாள்.
பாலம் மட்டும், என்றேன்.
மறுநாளும் கேட்டாள்.
பாலம் மட்டும்.
மூன்றாம் நாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி,
"பாலத்துக்கு அந்தப் பக்கமும் ரோடு இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் இருக்கிறது, தவராணி.
நான் பார்த்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை:
ஒரு கால்பந்துத் திடல்,
பனி காயாத புல்,
தனக்குத்தானே ஆடும் ஊஞ்சல்.
முழுக்க எனக்கு.

சனி காலை ஆறரை, பாலத்தடி.
மஞ்சள் தொப்பியில் நிற்பேன்.
பின்பக்கம் பெரிதாய் இரண்டு கண் வரைந்திருக்கிறேன்,
பறவைக்காக.
உனக்கும் ஒன்று வரைந்தாயிற்று,
ஒரு கண் கொஞ்சம் மாறுகண்ணாய்ப் போய்விட்டது.
ஆறு நாற்பது வரைக்கும் பார்ப்பேன்.
அதற்கு மேல்,
குறை நினைக்காதே,
காத்து நிற்கிற பழக்கம்
எனக்கு விட்டுப்போச்சு.